காதில் விட்ட பேர்

குற்றாலம்
24.6.2024

வித்யாவுக்கு, உன் மதினி சங்கரேஸ்வரி எழுதுவது.

என் நம்பரை நீ பிளாக் பண்ணிவிட்டாய். பண்ணிக்கோ. தபால்காரரை பிளாக் பண்ண முடியாதுல்லா? அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் எழுத்துத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று ஏழாம் வகுப்பு டீச்சர் பிரம்பால் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கோபம் வந்தால் நடுவில் பேச்சு நுழைந்துவிடும். கண்டுகொள்ளாதே.

பிள்ளைக்குப் பேர் விட்ட அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழுந்து வந்தது உனக்கும் உன் அம்மாவுக்கும் பெரிய குறையாகத் தெரிந்திருக்கும். எனக்குப் பசிதான். சாம்பார் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. ஆனால் மடியில் கிடந்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போன வீட்டில் எந்த முகத்தோடு இலை முன்னால் உட்காருவேன்?

பிள்ளைக்கு அப்பா இல்லை. என் தம்பி பிரபு செங்கோட்டை ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. அவனோடு பிறந்த அத்தை நான் ஒருத்தி இருக்கிறேன். நம் பக்கத்தில் பேர் விடுகிற உரிமை அத்தைக்குத்தான். முறைப்படி இடது காதை வெற்றிலையால் பொத்தி, வலது காதில் மூன்று தடவை சொன்னேன். குருவம்மாள் என்று சொல்வதாகத்தான் எல்லோரும் பேசி வைத்திருந்தோம். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் என் வாயில் வந்தது வேல்விழி. ஒரு தடவை வந்திருந்தால் தடுமாறிவிட்டேன் என்று சொல்லலாம். மூன்று தடவையும் அதுதான் வந்தது. ஏன் என்று கேட்காதே. காதில் விட்ட பேரைத் திரும்ப எடுக்க முடியாது. அவள் வேல்விழிதான்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. நான் பார்த்துக்கொள்கிற காட்டேஜில் எல்லா அறைகளும் நிறைந்துவிட்டன. வெந்நீர் கேட்பதற்கும் சாவி கேட்பதற்கும் நாள் முழுக்க ஆள் வருகிறது. மத்தியானம் ஆனால் மட்டும் போனைப் பார்க்கிறேன். "எக்கா, சாப்பிட்டியா?" என்று அவன்தான் கேட்பான். இப்போது கேட்க நாதியில்லை.

சங்கரேஸ்வரி


தென்காசி
2.7.2024

மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பதில் போட வேண்டாம் என்று அம்மா சொன்னாள். போடாவிட்டால் நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், அதனால் போடுகிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதல் தடவை நீங்கள் பேரை மாற்றிச் சொன்னதுமே, "மதினி, அவரு சொன்ன பேரு மதினி" என்று உங்கள் கையைப் பிடித்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் என் கையைத் தட்டிவிட்டுவிட்டு இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளையை எடுத்தேன்.

குருவம்மாள் என்ற பேர் எனக்கு ஆசையாக வந்தது இல்லை. உங்கள் அம்மாவை நான் பார்த்ததுகூடக் கிடையாது. கல்யாணமான புதிதில் பழைய குற்றாலத்திலிருந்து பைக்கில் திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "எங்கம்மா பேரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல வித்யா. தெருவுல பிரபு அம்மா. வேலைக்குப் போன வீட்டுல ஏட்டி. செத்தப்ப ஒட்டின போஸ்டர்லதான் முழுப் பேரையும் பார்த்தேன். நமக்குப் பொண்ணு பிறந்தா அந்தப் பேரை வீடு பூராக் கூப்பிடணும்." அவர் என்னிடம் சேலை கட்டு, சமையல் செய் என்றுகூடக் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

வேல்விழி யார் மதினி? உங்களுக்குப் பிறக்காத பிள்ளைக்கு நீங்கள் நினைத்து வைத்திருந்த பேர் என்று அம்மா சொல்கிறாள். அது உண்மையானால் எழுதுங்கள். உங்கள் ஆசைக்கு என் பிள்ளையை எடுத்துக்கொள்ள முடியாது.

பிறப்புச் சான்றிதழில் பேர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. எழுதிக்கொள்ள ஒரு வருடம் தவணை உண்டு. நான் எதை எழுதுகிறேனோ அதுதான் பேர்.

ஸ்ரீவித்யா


குற்றாலம்
15.7.2024

வித்யாவுக்கு,

பிறக்காத பிள்ளை இல்லை. பிறந்தாள். அழவில்லை, அவ்வளவுதான்.

உன் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. எட்டாம் மாதம் அது. அப்போது பிரபு பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு நாள் தள்ளிப்போனதிலிருந்தே, "எக்கா, என் மருமவளுக்கு நான்தான் பேரு வைப்பேன், வேல்விழி, வேற எவனும் வாயத் தொறக்கப்பிடாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறப்பது பெண்தான் என்று அவனுக்கு என்னமோ ஒரு நம்பிக்கை. தாய்மாமன் அல்லவா, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டு போனவனும் அவன்தான். என்னை முகம் பார்க்க விடவில்லை. உயிரில்லாத பிள்ளைக்குப் பேர் விடுகிற வழக்கம் கிடையாது. அதனால் அந்தப் பேரை யாரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு சொன்னதில்லை. வீட்டுக்காரர் புனலூருக்கு வேலை என்று போனார். அங்கேயே இருந்துகொண்டார்.

உன் பிள்ளையை என் மடியில் கிடத்தினார்கள். குனிந்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். பிரபு ஜாடை. நான் என்ன செய்யட்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. குருவம்மாள் என் அம்மா. பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுத பிள்ளை எங்கன இருக்கு? இந்த வயது வரைக்கும் அந்தப் பேர் என் நாக்கில் ஏறியதே இல்லை. ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கூப்பிட வேண்டியவள் நான்.

நான் மன்னிப்பு கேட்க எழுதவில்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

சங்கரேஸ்வரி


தென்காசி
3.8.2024

மதினிக்கு,

படித்தேன். அம்மாவுக்குக் காட்டவில்லை.

இவ்வளவு பெரிய விஷயத்தை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அதுதான் இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. எனக்கு அவரோடு வாழக் கிடைத்ததே ஒன்றரை வருடம். அதிலும் பாதியை உங்களிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எரிச்சல் வருகிறது. உங்கள்மேல் பரிதாபமும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் பதில் எழுத வரமாட்டேன் என்கிறது.

ஆனாலும் சொல்கிறேன். வேல்விழி என்ற பேருக்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். அவளிடம் இருந்தது அந்தப் பேர் மட்டும்தான். அதையும் எடுத்து என் மகளுக்குக் கொடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

நான் மாறப்போவதில்லை. இப்போதைக்கு இவள் பாப்பா. இனிமேல் எழுத வேண்டாம்.

ஸ்ரீவித்யா


குற்றாலம்
12.10.2024

வித்யாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் இல்லை, கொலுசோடு வைக்கிற சீட்டு. ஆட்டோ மைதீன் உன் வீட்டுப் பக்கம் சவாரி வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அத்தை போட வேண்டிய கொலுசு. பேர் விட்ட அன்றைக்கே பையில் கொண்டுவந்தேன். நீ பிள்ளையைப் பிடுங்கினதில் போட முடியாமல் போயிற்று. இப்போது கால் பெருத்திருக்கும் என்று அளவு கூட்டி மாற்றினேன். முத்து நிறைய வைக்கச் சொன்னேன். கால் ஆட்டுகிற வயசுல்லா? சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று அவளே திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீ பார்த்துக்கோ.

சீசன் முடிந்துவிட்டது. அறையெல்லாம் காலி. வராந்தாவில் குரங்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் நம்மிடமே பேசிக்கொள்ள வேண்டியதிருக்கிறது. குரங்கோடும் பேசிப் பார்த்தேன், அது என்னைவிட அவசரக்காரியாக இருக்கிறது.

சங்கரேஸ்வரி


தென்காசி
18.11.2024

மதினிக்கு,

கொலுசு அழகாக இருக்கிறது. அளவு சரி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காலை ஆட்டுகிறாள், கொலுசு குலுங்குகிறது, எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறாள். "வெள்ளி ராசி இல்ல போலுக்கு" என்றாள் அம்மா. நான் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தேன். தீபாவளி அன்று பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் ஜன்னலுக்கு நேரே சரவெடி கொளுத்தினான். எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. ஓடிப்போய்த் தொட்டிலைப் பார்த்தால் அசையாமல் தூங்குகிறாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவும் என் முகத்தைப் பார்த்தாள்.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தோம். தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை மதினி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: "அத்தக்காரி பேரை மாத்தி விட்டாள்லா, அதுலதான் பிள்ளைக்குக் காது அடைச்சுப் போச்சு." இரண்டு நாள் நானும் அதை நம்பினேன். உங்களை வைதுகொண்டே பால் கொடுத்தேன். படித்தவள்தான் நான், இருந்தாலும் நம்பினேன்.

ஆபரேஷன் பண்ணி உள்ளே ஒரு கருவி வைத்தால் கேட்கும் என்கிறார்கள். அரசு காப்பீட்டில் செய்யலாமாம். அதற்குப் பிள்ளையின் பேர் அட்டையில் ஏற வேண்டும், அதற்கு முதலில் சான்றிதழில் பேர் வேண்டும். இனிமேல் தள்ளிப்போட முடியாது.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சொல்வதற்கு எனக்கு வேறு யாரும் இல்லை. அவர் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

ஸ்ரீவித்யா


குற்றாலம்
23.11.2024

வித்யா,

குருவம்மாள்னே எழுதிக்கோ தாயி. எனக்கு ஒரு சொல்லும் இல்ல.

உங்கம்மா சொன்னது சரிதான். நான் வாய் வச்ச காது. செத்த பிள்ளை பேரைக் கொண்டுபோய் உசுருள்ள பிள்ளை காதுல விட்டிருக்கேனே, எனக்குப் புத்தி எங்க போச்சு? ஒரு பிள்ளையத்தான் தங்கவிடல, தம்பி பிள்ளையவாச்சும் விட்டுவச்சிருக்கலாம்லா நான்.

இனிமே அவ பக்கமே வரமாட்டேன். நீயும் கூப்பிடாதே. கொலுசைக் கழட்டிரு.

சங்கரேஸ்வரி


தென்காசி
22.5.2025

மதினிக்கு,

ஆறு மாதமாக உங்களுக்குப் பதில் எழுதவில்லை. தை மாதம் ஒரு நாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் காட்டேஜுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கோபித்துக்கொண்டேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் கோபம் போய்விட்டது.

முதலில் டாக்டர் சொன்னதை எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள். இது பிறவியிலேயே வந்தது. என் வயிற்றில் இருக்கும்போதே அவளுக்குக் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லியும் வரவில்லை, சொல்லாமலும் வரவில்லை. அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் டாக்டரைச் சொல்லச் சொன்னேன். வெளியே வந்து அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ள சங்கரேஸ்வரிய நான் என்னெல்லாமோ சொல்லிட்டேனே" என்றாள். உங்களைப் பிள்ளை என்று சொன்னதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நாம் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சண்டை போட்டோமே, அப்போதே அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன பேரும் கேட்கவில்லை, நான் கத்தியதும் கேட்கவில்லை. உங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அடுத்து பேர் விஷயம். சான்றிதழுக்காக நகராட்சி ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் ஒரு அம்மா இருந்தார்கள். "பேரைச் சொல்லுங்கம்மா" என்றார்கள். வாயைத் திறந்தேன். வரவில்லை மதினி! மாமியார் பேரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நான் மாமியாரைப் பார்த்ததும் இல்லை. ஆனால் என் அம்மா அவள் மாமியார் பேரைக் கடைசி வரைக்கும் சொல்லாததைப் பார்த்தே வளர்ந்திருக்கிறேன் போல. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினேன். அந்த அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "மாமியார் பேரா? அப்பவே நினைச்சேன்" என்றார்கள்.

சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அம்மா பேரைச் சொல்ல மாட்டீர்கள். நான் மாமியார் பேரைச் சொல்ல மாட்டேன். என் அம்மா சம்பந்தி பேரைச் சொல்ல மாட்டாள். குருவம்மாள் என்று பேரை வைத்தாகிவிட்டது, அதைக் கூப்பிட ஆள் இல்லை. வீட்டில் இன்னமும் பாப்பாதான். அவர் எதற்காக இந்தப் பேரைக் கேட்டாரோ அது நடக்கவில்லை. உங்கள் அம்மா பேரை யாரும் சொல்லாத மாதிரியே இவள் பேரையும் யாரும் சொல்லாமல் போய்விடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காதுக்குப் பின்னால் தையல் ஆறிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் வெளியே மாட்டுகிற மெஷினைப் போட்டு ஓடவிடுவார்கள். அன்றைக்கு அவள் கேட்பதுதான் அவளுடைய முதல் சத்தம். பேராகத் தெரியாது, வெறும் சத்தமாகத்தான் தெரியும், பயந்து அழவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுதாலும் பரவாயில்லை. அந்த முதல் சத்தம் அவள் பேராக இருக்க வேண்டும்.

பேர் விடுகிற உரிமை அத்தைக்கு என்று எழுதினீர்கள். வந்து விடுங்கள் மதினி. நீங்கள் வராவிட்டால் நானே சொல்லிப் பார்ப்பேன். வராது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டுவிட்டேன். ஆனால் போன் பண்ணாதீர்கள். இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம், ஒன்றும் பேச முடியாது. எழுதுங்கள்.

கொலுசு இன்னும் அவள் காலில்தான் இருக்கிறது.

ஸ்ரீவித்யா


குற்றாலம்
9.6.2025

வித்யாவுக்கு, மதினி எழுதுவது.

நீ வந்த அன்றைக்கு நான் உள்ளேதான் இருந்தேன். நீ தட்டினதும் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ வராந்தாவில் இருந்தவரைக்கும் பிள்ளை காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், கொலுசு விடாமல் குலுங்கியது. அவளுக்குக் கேட்காதது எனக்குக் கேட்டது. அவள் பக்கமே வரமாட்டேன் என்று எழுதியிருந்தேனே, அதனால் திறக்கவில்லை. வையணும் என்றால் நேரில் வைதுகொள்.

உன் கடிதத்தில் டாக்டர் சொன்ன இடத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அன்றைக்குத்தான் நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்கியது.

அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டது. விடியும்போதே, வெளியூர்க் கூட்டம் வருவதற்கு முன்னால், மெயினருவியில் பொம்பளைகள் குளிக்கிற பக்கம் போய்விடுகிறேன். குளிக்கப் போகிறேன் என்று நினைத்தாயா? அந்த இரைச்சலுக்குள்ளே நின்றால் பக்கத்தில் இருக்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. அங்கே நின்று எங்கம்மா பேரைச் சொல்லிப் பழகுகிறேன். முதல் நாள் வாயைத் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே போயிற்று. மறுநாள் அம்மா, அம்மா என்றுதான் வந்தது. எனக்கே சிரிப்பு. இந்த வயதில் அருவிக்குள்ளே நின்று அம்மாவைத் தேடுகிற கோட்டிக்காரி யாராவது உண்டா? அப்புறம் பாதிப் பேர் வந்தது. நேற்று முழுசாக வந்துவிட்டது. குருவம்மா. மூன்று தடவை சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. எங்கம்மா கோபித்துக்கொள்ளவும் இல்லை. இத்தனை காலத்தில் அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே அதுதான். கூப்பிட்டதும் அவள் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நல்லா அழுதேன். அருவியில் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு ஓட்டலில் டீ கேட்டபோது பிரபுவை நினைத்துக்கொண்டேன். ஏலே, உன் ஆசையை முடிச்சுருதேன்லே என்று சொன்னேன். டீ போடுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் விட்ட பேர் உன் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் அந்தப் பேர் கேட்க வேண்டியவளுக்குக் கேட்டிருக்கும். எங்கே இருக்கிறாளோ, ஒரு தடவையாவது அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். நினைத்தால் தூக்கம் வருகிறது. நீ சொன்ன மாதிரி அது அவள் பேர். அவளிடமே இருக்கட்டும்.

வருகிறேன். வெற்றிலை நானே கொண்டுவருகிறேன், ஆஸ்பத்திரியில் விடுவார்களா என்று கேட்டு வை. சாப்பாட்டுக்கு உன் அம்மாவிடம் சொல்லிவிடு, இந்தத் தடவை சாப்பிடாமல் போகமாட்டேன். வலது காதில் விடுவதுதான் முறை. ஆனால் இப்போது முறையெல்லாம் பார்க்க முடியாது. மெஷின் எந்தக் காதில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் உடனே எழுது. அந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

சங்கரேஸ்வரி